பிந்திச் சிவந்த குழாய்

சோதனைக் குழாயைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி பளீலா மிஸ் கிருமியோடு கதைத்துக்கொண்டிருந்தார். "சமைச்சியா, இல்லாட்டி சும்மா படுத்துக் கிடந்தியா?"

புத்தளத்து ஆய்வுகூடமொன்றில் காசநோய்க் கிருமியையும் அதன் சொந்தபந்தங்களையும் இனம் பிரிப்பது இருபத்திரண்டு வருடமாக அவர் தொழில். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிச் சிவப்புக் குச்சிகள். யாரிடம் எந்த நொதியம், அதாவது எந்தச் சமையல்காரன், இருக்கிறது என்று பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். "ஒரு வாப்பாட புள்ளைகள்தான், குசினி வேற வேற" என்பார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை எப்படி என்று யாராவது கேட்டால், நைத்திரேற்றுச் சோதனை போட்டுப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றுவிட்டுப் பிரியாணியில் கவனமாகிவிடுவார்.

அன்று கண்ணாடிக்கு வெளியே நின்றவர் உச்சமுனை மீனவர் லோறன்ஸ். மீன்முள் குத்திய புறங்கையில் ஐந்து மாதமாக ஆறாத புண். அதிலிருந்து எடுத்த சதையில் காசநோய்க் குடும்பத்துக் கிருமி ஒன்று வளர்ந்துவிட்டது. காசநோய் இல்லையென்று தெரியும்வரை வள்ளத்தில் ஏற்றமாட்டோம் என்று கூட்டாளிகள் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சார்பில் வந்த றொபி, ரீசேட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டு பத்தடி தள்ளி நின்றான்.

மற்றச் சோதனைகள் முடிந்து, இது கடைசி. காசநோய்க் கிருமியிடம் நைத்திரேற்றை மாற்றும் நொதியம் உண்டு; மருந்து விட்டதும் குழாய் சிவக்கும் என்று மிஸ் இருவரிடமும் முதலே சொல்லியிருந்தார். மிஸ் விட்டார். தண்ணீராகவே நின்றது. லோறன்ஸ் சிலுவை போட்டுக்கொண்டார். ஆனால் கிருமி ஒருதரம் சொன்னதை நம்புகிற ஆள் மிஸ் இல்லை. துத்தநாகத் தூள் ஒரு சிட்டிகை போட்டார். குழாய் பளிச்சென்று சிவந்தது.

லோறன்ஸ் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். றொபி வாசல் படலைவரை போய்விட்டான்.

மிஸ் கையுறையைக் கழற்றி, கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தார். "எழும்புங்க அண்ணன். இது நல்ல சிவப்பு. கிருமி ஒண்டும் சமைக்கல்ல, நான் குடுத்த நைத்திரேற்று அப்படியே இரிந்திச்சி. இப்ப போட்ட தூள்தான் அதச் சமைச்சிச் சிவப்பாக்கினது. இது காசநோய் இல்ல, மீன்ட கிருமி. குளிசை எடுத்தா சுகமாகும். ஆளுக்கு ஆள் தொத்தாது."

லோறன்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. றொபியோ, வள்ளத்தில் எல்லாரும் ஒரே சட்டியில் அல்லவா சாப்பிடுகிறோம் என்று படலையடியிலிருந்து இழுத்தான்.

மிஸ்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது. லோறன்ஸின் பையில் மீன் வைத்த மாலு பணிஸ் ஒன்று தெரிந்தது. பாதி தரச் சொன்னார். கட்டுப் போட்ட கையாலேயே அவர் பிய்த்துக் கொடுத்ததை வாங்கி, றொபியின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், மெதுவாக மென்றார்.