பத்து நாள் அவகாசம்

சுபாஷிணி நான்கு மாதம் உட்கார்ந்து உருவாக்கிய படத்தை அழித்தவன் நான். கம்ப்யூட்டர் கோளாறு என்று அவள் இன்றுவரை நம்புகிறாள். பொறாமையால் செய்தேன். இதைவிடக் கௌரவமான காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை.

திருநகரில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். படத்தொகுப்பை முறையாகப் படித்தவன். பதினைந்து வருட அனுபவம், விலை உயர்ந்த கேமரா, ட்ரோன்... எல்லாம் உண்டு.

சுபாஷிணி அடுத்த தெருவில் இருந்த சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். அப்போதுதான் கல்லூரியை முடித்திருந்தாள். அவளிடம் இருந்தது ஒரு பழைய லேப்டாப். அதில், வீட்டுப் பிறந்தநாள் வீடியோக்களை வெட்டி ஒட்டுவதற்கென்று விற்கப்பட்ட எளிய எடிட்டிங் மென்பொருள் ஒன்று. தயாரித்த நிறுவனமே அதைக் கைவிட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. சந்தேகம் வந்தால் என்னிடம்தான் ஓடி வருவாள்.

செக்கானூரணிப் பக்கம் விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்த அவளுடைய தோழிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அடுத்த மாதமே தோழியின் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். கல்யாண மேடையில் அவரைப் பத்து நிமிடமாவது திரையில் பார்க்க வேண்டும் என்று தோழியின் அம்மா கேட்டாராம். சொந்தக்காரர்களின் செல்போன்களில் கிடந்த துண்டு துண்டான காட்சிகளையெல்லாம் சுபாஷிணி திரட்டினாள். முடியும் தறுவாயில் என்னைப் பார்க்கக் கூப்பிட்டாள்.

ஒரு காட்சி. அந்த அப்பா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, படம் எடுக்கும் மகளிடம் "இந்தா வாரேன் தாயி" என்று சொல்லிவிட்டு வெளியே போகிறார். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் வெட்டியிருப்பார்கள். இவள் வெட்டவில்லை. ஆள் இல்லாத வாசலை அப்படியே விட்டிருந்தாள். வெளியே அவருடைய இருமல் சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டே போகிறது...

என் கண்கள் கலங்கின. அதே நொடியில் வயிறு எரிந்தது. பதினைந்து வருடத்தில் ஒரு தடவையாவது ஒரு வாசலைச் சும்மா விட எனக்குத் தோன்றியிருக்கிறதா? இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பரவாயில்லை, அந்த வாசல் காட்சிதான் கொஞ்சம் நீளம் என்றேன்.

அப்போது திரையின் மூலையில் ஓர் அறிவிப்பு எட்டிப் பார்த்தது. லேப்டாப்புக்குப் புதிய இயங்குதளம் தயாராக இருக்கிறதாம்.

"ஒரு வாரமா இதையே கேட்டுக்கிட்டு இருக்குண்ணே. போடலாமா?"

எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும்! புதிய இயங்குதளத்தில் அந்தப் பழைய மென்பொருள் திறக்காது. அதில் செய்த வேலையை வேறெந்த மென்பொருளாலும் படிக்க முடியாது. அவளோ துபாயிலிருந்து தோழியின் சித்தப்பா அனுப்ப வேண்டிய குரல்பதிவுக்காகக் காத்திருந்தாள். படத்தை இன்னும் முழு வீடியோவாக மாற்றி எடுத்துவைக்கவில்லை.

"போடும்மா. ஒண்ணும் ஆகாது."

மறுநாள் மதியம் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தாள். படம் திறக்கவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் ஒரு நொடிச் சபலம் என்று நீங்கள் என்னை மன்னித்திருக்கலாம். ஆனால் அத்தோடு முடியவில்லை. பழைய இயங்குதளத்துக்கே திரும்பிப் போக அந்த லேப்டாப்பிலேயே வழி இருந்தது. ஒரு பொத்தான், அரை மணி நேரம். ஆனால் பத்து நாள்தான் அவகாசம். அதற்குப் பிறகு அந்தப் பொத்தான் மறைந்துவிடும். இது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

வைத்துவிட்டுப் போ, பார்க்கிறேன் என்றேன்.

லேப்டாப் என் மேசையிலேயே கிடந்தது. நாளைக்குச் செய்துவிடலாம் என்று முதல் நாள் நினைத்தேன், உண்மையாகவே நினைத்தேன். ஐந்தாம் நாள் போன் செய்து, பழைய ஆட்களிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன் என்று அவளுக்குச் சொன்னேன். எட்டாம் நாள் அதன்மேல் கல்யாணப் பத்திரிகைகளை அடுக்கிவைத்தேன். பன்னிரண்டாம் நாள் திறந்து பார்த்தேன். பொத்தான் இல்லை.

எனக்கு வந்தது நிம்மதி!

அதன் பிறகும் வேறு வழிகள் இருந்திருக்கும். நான் தேடவில்லை. முடியாதும்மா என்றேன். அவள் என்மேல் கோபப்படவில்லை. கல்யாணத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. செல்போன் துண்டுகளை மொத்தமாக என்னிடம் கொடுத்து, நீங்களே பண்ணிக் கொடுத்துவிடுங்கள் என்றாள்.

மூன்று நாளில் முடித்தேன். அந்த வாசலை அவள் விட்டதுபோலவே விட்டுப் பார்த்தேன். மூன்று விநாடி, ஐந்து, எட்டு... எந்த அளவிலும் அது வெறும் வாசலாகத்தான் இருந்தது. கடைசியில் அவர் வெளியேறியதும் வெட்டி, பின்னணியில் வயலினைச் சேர்த்தேன்.

மண்டபமே அழுதது. தோழியின் அம்மா என் கைகளைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்டுக்காரர உசுரோட கொண்டாந்துட்டீகய்யா" என்றார். பின்வரிசையில் நின்று சுபாஷிணி கைதட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் துளிகூடக் கள்ளம் இல்லை... நான் தேடித் தேடிப் பார்த்தேன்!

போன மாதம் கோரிப்பாளையம் சிக்னலில் ஒரு பைக் என் பக்கத்தில் வந்து நின்றது. பின்னால் அவள். கல்யாணமாகி, துணிக்கடையில் பில் போடும் வேலைக்குப் போகிறாளாம். அன்றைக்கு இந்த அண்ணன் மட்டும் இல்லாவிட்டால் மானமே போயிருக்கும் என்று கணவரிடம் என்னைக் காட்டிச் சொன்னாள்.

இப்போது எடிட்டிங் ஏதும் செய்கிறாயா என்று கேட்டேன். ஏன் கேட்டேன்?

சிரித்தாள். "அதெல்லாம் விட்டுட்டேண்ணே. கைக்குக் கெடைச்சதையே காப்பாத்தத் தெரியல. நமக்கு அது வராதுண்ணே."

சொல்லியிருக்கலாம். சிவப்பு விளக்கு இன்னும் மாறவில்லை; அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா, கஷ்டமான வேலைதான்" என்றேன்.