இரண்டு கதவுக் கார் பார்க்கப் போனது

வாகனம் பார்க்க வரச் சொல்லி ஆள் வந்தால், இப்போதெல்லாம் என் இடுப்புத்தான் முதலில் பதில் சொல்கிறது. ஏலாது என்கிறது. வாய் மட்டும் பழக்கத்தில் "வாறன்" என்று சொல்லிவிடுகிறது.

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கந்தளாயிலிருந்து நெல் ஏற்றுகிற லொறியில் கிளீனராக ஏறினேன். ஓட்டப் பழகினேன், கழற்றப் பழகினேன், கழற்றியதைப் பூட்டப் பழகினேன். இன்றைக்குக் கிண்ணியாவில் என் பெயரில் லொறிகள் ஓடுகின்றன. ஒருவரும் என்னைக் கைதூக்கி விடவில்லை. கட்டைபறிச்சானில் ஒருவர் உழவு இயந்திரம் வாங்கினாலும், சீனன்குடாவில் உத்தியோகம் பார்க்கிற ஒருவர் கார் வாங்கினாலும், என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டாமல் பேச்சை முடிப்பதில்லை. நான் "எடுங்க" என்று சொன்ன வாகனம் நடுவழியில் நின்றதாக இன்றுவரை யாரும் வந்து என்னிடம் சொன்னதில்லை. நம்பாதவர்கள் இந்தப் பக்கத்தில் யாரையாவது விசாரித்துப் பார்க்கலாம்.

ஆனால் அந்தப் பெயரை எடுத்து முதுகில் பூசினால் நோவு குறைகிறதா? எத்தனை வண்டிக்குக் கீழே படுத்து எழும்புவது? அதிலும் ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்கிறார்களே, தரையோடு தரையாக ஓடுகிற சாமான், அதற்குக் கீழே நான் ஒரே ஒரு தரம்தான் படுத்திருக்கிறேன். போன வருடம். பார்க்கக் கூப்பிட்டவர் வெளியாள் இல்லை, என் மகளின் கணவர்.

மருமகன் கட்டாரில் சாரதி. எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு கொடுப்போம். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் இருப்பார். என் வீட்டு வளவுக்குள்ளேயே கட்டிக் கொடுத்தேன், நல்ல வீடு, மாபிள் பதித்தது. ஆனால் மனிதர் அந்த வீட்டில் இருந்தது எங்கே? லீவில் வருவார், பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளுவார், உள்ளதை முழுதாக எடுத்து வைப்பதற்குள் திரும்ப அடுக்குவார். இந்தத் தடவை வந்தவர், இனிப் போகமாட்டேன் என்றார். மகள் அன்றைக்கு வீடு முழுக்கக் கழுவினாள். பெட்டியை எடுத்து அலுமாரிக்கு மேலே, கை எட்டாத இடத்தில் போட்டாள்.

போகாமல் என்ன செய்வது? என் லொறிகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"மாமா, உங்கட வளவில இரிக்கிறன். உங்கட லொறியிலயும் ஏறினா, நான் வீட்டிலயும் மாப்பிள்ள, ரோட்டிலயும் மாப்பிள்ள. எனக்கெண்டு ஒண்டு வேணும்."

கோபம் வந்தது எனக்கு. பிறகு இருந்து யோசித்தால், அந்த வயதில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன், இன்னும் கொஞ்சம் கெட்ட வார்த்தையோடு.

அவர் யோசித்து வைத்திருந்த தொழில், கல்யாணக் கார் வாடகைக்கு விடுவது. இப்போது மாப்பிள்ளை போவதற்குச் சாதாரணக் கார் போதாதாம். பதிந்த, இரண்டு கதவு உள்ள, உறுமுகிற கார் வேண்டுமாம். கல்யாணத்துக்கு முதலே கடற்கரையில் அதில் சாய்ந்து நின்று படம் எடுக்க வேண்டுமாம். தமிழ், முஸ்லிம், சிங்களம் எல்லோருக்கும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே ஆசை. நிலாவெளிப் பக்கம் அப்படி ஒரு சிவப்புக் கார் விற்க இருந்தது. அது கிடைத்தால் மருமகன் நிற்பார். கிடைக்காவிட்டால் போவார், அந்த மாதம் முடியும்வரை அவருடைய இடத்தைக் கட்டார் முதலாளி வேறு ஆளுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தார். வேறொரு கார் தேடிக்கொண்டிருக்க நாளில்லை.

புறப்படும்போது மகள் தேத்தண்ணியைக் கொண்டுவந்து தந்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள்.

"வாப்பா, நல்லாப் பாருங்க."

"பாக்கத்தானே போறன்."

"நல்லாப் பாக்கிறதெண்டா குறை பிடிக்கிறதில்ல. பொண்ணு பாக்க வந்த மாமி மாதிரிப் பாக்காதீங்க."

குசினிக்குள் இருந்து என் மனைவி சிரித்தது கேட்டது. மகள் சிரிக்கவில்லை.

கார்க்காரர் கல்யாணப் படம் எடுக்கிற தொழில் செய்கிறவர், தமிழர், கடலோரத்தில் வீடு. முற்றத்தில் தகரக் கொட்டகை போட்டு, அதற்குள் காரைப் போர்வையால் மூடி வைத்திருந்தார். போர்வைக்கு மேலும் ஒரு துணி. நான் என் லொறியை ஒரு நாளும் அப்படிப் போர்த்தியதில்லை.

"வாங்கோ நானா. நீங்கள் பாத்தா ஆஸ்பத்திரியில ஸ்கான் எடுத்த மாதிரியெண்டு சொல்லுறவை."

"ஸ்கானுக்கு மெஷின் படுக்கிறதில்ல தம்பி. இஞ்ச நான்தான் படுக்கவேணும். சாக்கு ஒண்டு இரிக்கா?"

"பாய் தாறன் நானா, சாக்கு எதுக்கு?"

வருமுன்னமே போன் பண்ணி, இஞ்சினை இன்றைக்குத் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தேன். பழைய கார் வாங்கப் போகிற எவருக்கும் நான் சொல்கிற முதல் புத்தி இதுதான். சூடான இஞ்சின் தன் வியாதியை மறைக்கும். போனட்டில் கை வைத்துப் பார்த்தேன், குளிர்ந்துதான் இருந்தது. மனிதர் சொன்னபடி செய்திருந்தார். ஸ்டார்ட் பண்ணச் சொல்லிப் பின்னால் நின்றேன். நீலப் புகை இல்லை. ஒயில் மூடியைத் திருப்பிப் பார்த்தேன், பால் கலந்த மாதிரி இல்லை. ஓடிய தூரத்தை மீற்றர் குறைவாகக் காட்டியது. மீற்றரை நான் நம்புவதில்லை, பிரேக் மிதிக்கிற இடத்து ரப்பரைப் பார்ப்பேன். அது தேயவில்லை. மட்காட்டைப் பூட்டிய ஆணிகளில் ஸ்பானர் சாவி பட்ட வடு இல்லை, அதாவது எங்கேயும் அடிபட்டுக் கழற்றிப் பூட்டவில்லை. கதவு மூடிய சத்தம் பணக்கார வீட்டுக் கதவு மாதிரி இருந்தது.

ஓட்டிப் பார்க்க மருமகன் ஏறினார். பக்கத்து சீற்றில் நான். ஏறினேன் என்று சொல்லக்கூடாது, இறங்கினேன். தோணியின் அடித்தட்டில் குந்தியிருப்பது மாதிரி, ரோட்டில் நின்ற மாடு என்னைக் குனிந்து பார்த்தது. இந்த மாதிரிக் காரில் கிளச்தான் முதலில் போகும், வாங்கினவன் எல்லாம் பறந்திருப்பான். மூன்றாம் கியரில் போட்டு ஒரேயடியாக மிதிக்கச் சொன்னேன். வழுக்காமல் பிடித்தது. ஸ்டியரிங்கிலிருந்து கையை விடச் சொன்னேன். நேராகப் போனது.

"எப்பிடி மாமா?"

"முன்னுக்கு மேடு, பாத்து."

மேட்டில் காரின் அடிவயிறு உரசியது. அதற்கும் அவர் சிரித்தார். பல்லைக் காட்டி, சின்னப் பிள்ளை மாதிரி. இந்த மனிதருக்கு இப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இவ்வளவு வருடமும் லீவில் வந்து நிற்கிற ஆளைத்தான் பார்த்திருக்கிறேன். எடுங்க என்று அப்போதே சொல்லியிருப்பேன். உண்மையாகவே வாய்வரைக்கும் வந்தது.

திரும்பி வந்து சீற் பெல்ற்றைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தேன். காரைக் கழுவுகிறவன் எல்லாவற்றையும் கழுவுவான், உள்ளே சுருண்டிருக்கிற அந்தக் கடைசி முழத்தைக் கழுவமாட்டான். அதில் வெள்ளையாக ஒரு கோடு ஓடியிருந்தது. கால் மிதியைத் தூக்கி, சீற்றைப் பூட்டிய ஆணியின் அடியை விரலால் தடவி நாக்கில் வைத்தேன். இதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. கடற்கரை வாகனத்துக்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

உப்புக் கரித்தது.

"தம்பி, இந்தக் கார் கடலுக்குள்ள இறங்கினதா?"

"கடலுக்குள்ள இல்ல நானா. கரையில. சில்லில அலை வந்து அடிக்கவேணும், அப்பதான் படம் நல்லா வரும். எல்லாப் பொம்பிளை மாப்பிள்ளையும் அதைத்தான் கேக்கினம். ஒருக்காத்தான் கதவு திறந்து கிடக்க அலை உள்ளுக்கு வந்தது."

காரை ஜக்கில் தூக்கி, கட்டை வைத்து, பாயைப் போட்டுக் கீழே போனேன். ரோச் வெளிச்சம் அடித்தால் எல்லாம் கறுப்பாக, புதுப் பெயின்ற் பூசி அழகாகத்தான் இருந்தது. கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டித் தகட்டில் திருப்புளிப் பிடியால் தட்டினேன். நல்ல தகடு கணீரென்று சொல்லும். இது ஈரச் சாக்கில் தட்டியது மாதிரிச் சொன்னது. திருப்புளியைத் திருப்பிக் கூர்ப் பக்கத்தால் ஊன்றினேன். பழுத்த பப்பாசிக்குள் போவது மாதிரிப் போய்விட்டது. பிரேக்குக்கு ஒயில் போகிற குழாயும் பொருக்கு வெடித்துக் கிடந்தது.

எழும்ப மனம் வரவில்லை. முதுகுக்குப் பாய் சுகமாக இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மருமகனின் பாதம் காருக்குப் பக்கத்தில் தெரிந்தது, பெருவிரலால் மண்ணைக் கிளறிக்கொண்டு.

வெளியே வந்து சொன்னேன். கார்க்காரர் முகம் சிவந்துவிட்டது.

"அப்பிடி வர ஏலாது நானா! ஒவ்வொரு ஷூட் முடிய, நான் என்ர கையால கீழ கழுவுறனான். மோட்டர் போட்டு, பைப் பிடிச்சு, ஒரு மணித்தியாலம். சாப்பிடாமக்கூடக் கழுவியிருக்கிறன். என்ர மனிசியைக் கேளுங்கோ."

"எந்தத் தண்ணியில கழுவுவீங்க?"

"கிணத்துத் தண்ணி. வேற என்ன?"

கிணறு கொட்டகைக்குப் பின்னால் இருந்தது. பைப்பைத் திறந்து கையில் ஏந்தி ஒரு வாய் குடித்தேன். துப்பவில்லை, ஆனால் விழுங்கவும் கஷ்டப்பட்டேன்.

"இந்தத் தண்ணியில தேத்தண்ணி போடுவீங்களா தம்பி?"

"சீச்சீ, உவர். குடிக்கிறதுக்குக் குழாய்த் தண்ணி."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டார். பிறந்த நாளிலிருந்து அந்தத் தண்ணீரில் குளிக்கிறவர். அது அவருக்குத் தண்ணீர், கடல்தான் உப்பு. கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் வளர்ந்த ஒருவன் இந்தப் பிழையை விட்டிருக்க மாட்டான். கடல் நனைத்த காரை இவர் பாசத்தோடு திரும்பத் திரும்ப உப்பில் ஊறப் போட்டிருக்கிறார். ஒளித்து மறைத்து விற்க வந்தவராக இருந்தால் நாலு வார்த்தை ஏசிவிட்டு வந்திருப்பேன், எனக்கும் லேசாக இருந்திருக்கும்.

"நான் உங்களை ஏமாத்தப் பாக்கேல்ல நானா."

"தெரியும் தம்பி. ஏமாத்திறவன் இஞ்சின் குளிர விடமாட்டான்."

வழியில் மருமகன்தான் என் வானை ஓட்டினார். உப்புவெளி தாண்டின பிறகு கேட்டார்.

"வெல்டிங் பண்ணி எடுக்கேலாதா மாமா? உங்கட லொறியள எவ்வளவு ஒட்டி ஓடுறீங்க."

"லொறிக்குக் கீழ சட்டம் வேற, உடம்பு வேற மகன். சட்டம் நல்லமெண்டா மேல எதையும் ஒட்டலாம். இதுக்கு அந்தத் தகடுதான் எலும்பு. பிரேக் போற நாளில உள்ளுக்கு இரிக்கிறது ஆரு? புதுப் பொண்ணும் மாப்பிள்ளையும்."

"நீங்க எடுங்க எண்டு சொல்லுவீங்க எண்டு நினைச்சன்."

"நானும் நினைச்சன்."

வீட்டு வாசலில் மகள் நின்றாள். வான் நிற்கும் முன்பே எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டாள். இருந்தாலும் கேட்டாள். நான் தகட்டைச் சொன்னேன், குழாயைச் சொன்னேன், கிணற்றைச் சொன்னேன். வேறு யாருக்காவது சொல்லியிருந்தால் ரசித்துக் கேட்டிருப்பார்கள்.

"துருப் பிடிச்ச கார் துருப் பிடிச்சு இஞ்சதானே நிக்கும் வாப்பா," என்றாள். "அவரும் நிண்டிருப்பார்."

"ஆள் செத்தா?"

"எல்லாத்துக்கும் உங்களிட்ட ஒரு பதில் இரிக்கு."

உள்ளே போய்விட்டாள். என் மனைவி என்னை ஒருதரம் பார்த்துவிட்டு அவள் பின்னால் போனாள். அன்றைக்கு மனைவி என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எத்தனையோ குடும்பங்களை நான் தலை தப்ப வைத்திருக்கிறேன், எனக்குச் சோறு போட்டு நன்றி சொல்லியிருக்கிறார்கள். என் வீட்டில் அந்த இரவுச் சாப்பாட்டை ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிட்டோம்.

மாதம் முடிவதற்குள் மருமகன் டிக்கெட் எடுத்தார். லொறியைப் பற்றி இன்னொரு தரம் கேட்டுப் பார்த்தேன். "அடுத்த லீவில பாப்பம் மாமா" என்றார், மரியாதையாக. அலுமாரிக்கு மேலிருந்த பெட்டியை எடுக்க அவருக்குக் கதிரை வேண்டியிருந்தது. மகள்தான் பிடித்துக்கொண்டு நின்றாள்.

விமான நிலையத்துக்குப் போக வாடகை வான் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த கையோடு வந்தது. சாரதி எனக்குத் தெரியாத ஆள், மூதூர்ப் பக்கம். பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தபோது, எத்தனையோ வருடத்துப் பழக்கம், நான் குனிந்து முன் ரயரைத் தடவிப் பார்த்தேன். உள்பக்கம் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க இன்னும் கொஞ்சம் குனிந்தேன்.

பின்னால் மகள் வந்து நின்றாள். அவ்வளவு நாளாக என்னோடு சரியாகக் கதைக்காதவள்.

"இதையும் வேணாமெண்டு சொல்லுங்க வாப்பா," என்றாள், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

ரயர் நான்கையும் பார்த்தேன். ஒன்றிலும் குறை இல்லை. எழும்புவதற்கு அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.