கருப்பம்மாள் நின்ற வரிசை

ஞாயிற்றுக்கிழமை நெருங்க நெருங்கக் கருப்பம்மாளுக்கு எந்த வேலையிலும் மனசு நிற்கவில்லை. கத்தரிப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றப் போனவள், ஊற்றிய பாத்திக்கே மறுபடியும் ஊற்றிவிட்டு விழித்துக்கொண்டு நின்றாள். அந்த ஞாயிறு நில ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா, வருகிறார். ஆற்றோரத்து நாற்பது ஏக்கரையும் இனிமேல் என்ன செய்யலாம் என்று ஜனங்களையே கேட்கப்போகிறாராம். கேட்கட்டுமே, நல்லதுதானே என்பீர்கள். கேட்கப்படுகிறவளுக்கல்லவா தெரியும் அந்த அவஸ்தை! பிறந்ததிலிருந்து அவளை யாரும் எதுவும் கேட்டதில்லை. கல்யாணத்துக்குக் கேட்கவில்லை, மலாயாவுக்குக் கப்பல் ஏற்றும்போதும் கேட்கவில்லை. முப்பத்தைந்து வயதில் திடுதிப்பென்று வந்து "உன் இஷ்டம் என்ன?" என்றால் அவள் என்னதான் செய்வாள்?

நிலம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் ரப்பர் விலை படுத்துவிட்டது. சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த தோட்டங்களில் ஆட்களைக் கும்பல் கும்பலாகக் கழித்துவிட்டார்கள். அரிசிக்கும் தட்டுப்பாடாக இருந்த காலம். அப்போது, தோட்டத்தில் இந்த ஆட்களை வேலை வாங்கிய சன்னாசிக் கங்காணிதான் முப்பத்திரண்டு குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி மனுப் போட்டு, இந்த ஆற்றோரக் காட்டை வாங்கிக் கொடுத்தார். சாப்பாட்டுப் பயிர் மட்டும்தான் போட வேண்டும் என்பது நிபந்தனை. நிலம் யார் பேரிலும் தனியாக இல்லை, முப்பத்திரண்டு குடும்பத்துக்கும் பொது. ஆளுக்கொரு கொல்லையாகப் பிரித்து, மரவள்ளியும் கத்தரியும் வெண்டையும் போட்டுப் பிழைத்தார்கள்.

காடு வெட்டின இரண்டாம் வருஷம் கருப்பம்மாளின் புருஷன் அப்பாவு காய்ச்சலில் போய்விட்டான். பாடையின் முன்பக்கத்தைத் தூக்கியவர் சன்னாசி. "பொம்பளைக்கு எதுக்குத் தனிப் பங்கு?" என்று நாலு பேர் முணுமுணுத்தபோது, "அப்பாவு பங்கு அவ பொண்டாட்டிக்குத்தான், எவனாச்சும் வாயைத் திறந்தீங்க..." என்று அடக்கியவரும் அவரே. பட்டியலில் இருந்த ஒரே பெண் பெயர் அவளுடையது. நன்றி கெட்டவள் இல்லை கருப்பம்மாள். அவளுடைய கஷ்டமே அதுதான்.

இந்த 1925இல் ரப்பர் விலை சரசரவென்று ஏறிவிட்டது. பாசாரில் காய் விற்கப் போனால் சீனக் கடைக்காரர்கள்கூட அதைத்தான் பேசினார்கள். சன்னாசி துள்ளி எழுந்தார். நாற்பது ஏக்கருக்கும் ரப்பர் கன்று வைப்போம், நிபந்தனையை மாற்றச் சொல்லி எழுதிக் கேட்போம், நாமும் தோட்டக்காரர்கள் ஆவோம் என்றார். ஆசை நியாயமான ஆசைதான். ஆபீஸ் துரை படித்துப் பார்த்துவிட்டு, "பொது நிலம். வீட்டுக்கு ஒருவராக எல்லாரையும் கேட்டு எழுதி வா" என்று கிராணிக்கு உத்தரவு போட்டுவிட்டார்.

ரப்பர் வைத்தால் பால் எடுக்க ஆறேழு வருஷம் ஆகும். ஆம்பிளை உள்ள வீடுகள் அதுவரை தோட்டத்தில் கூலி வேலைக்குப் பேர் போட்டுக்கொண்டு சமாளிக்கும். கருப்பம்மாள் என்ன செய்வாள்? கத்தரியைப் பிடுங்கிவிட்டு, மறுபடி தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான லயத்துக்குத்தான் போக வேண்டும். புருஷன் இல்லாத பெண் லயத்தில் எப்படி இருக்க வேண்டியிருக்கும் என்பதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். மகள் நவமணிக்கு ஏழு வயது. முதல் பால் வடியும்போது அவளுக்குப் பதினாலு ஆகியிருக்கும், அதுவும் லயத்தில்.

அதனால்தான் ஊமைபோல் இருந்தவள் வாயைத் திறந்தாள். பத்து நாள், காய்க்கூடையை இறக்கி வைத்த கையோடு, வீடு வீடாக ஏறினாள். முதலில் பக்கத்துக் கொல்லை அர்ச்சுனன் வீடு. அவன் பெண்டாட்டி நல்லம்மாள்தான் உட்காரப் பலகை போட்டாள்.

"ஏழு வருசம் மரத்தைப் பாத்துக்கிட்டே இருந்தா வயிறு ரொம்புமா அண்ணே?" என்றாள் கருப்பம்மாள்.

"ரொம்பாதுதான். ஆனா கங்காணி மொகத்துக்கு நேரா..." என்று அர்ச்சுனன் இழுத்தான்.

"மொகத்துக்கு நேரா நீங்க ஒண்ணும் பேச வேணாம். கிராணி கேட்டா காய்கறின்னு சொல்லுங்க. அவ்வளவுதான்."

"சொல்றேன். எம் பிள்ளைங்க மேல சத்தியமா சொல்றேன், போ."

இப்படியே பதினெட்டு வீடு தேறியது. அவளுடையதோடு பத்தொன்பது. போதும், பாதிக்கு மேலே. ஆனாலும் நிம்மதி வந்ததா? ஒவ்வொருவர் முகத்தையும் நினைத்து நினைத்துப் பார்த்தாள். சரி என்றபோது சீனி ஏன் வேறு பக்கம் பார்த்தான்? இராமசாமி ஏன் அவ்வளவு சீக்கிரம் தலையை ஆட்டினார்? பாழாய்ப்போன மனசு, நல்லதையும் நம்ப மாட்டேன் என்றது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு யாழ்ப்பாணத்துக் கிராணி பெரியநாயகம் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் குடையும் நோட்டும் இருந்தன. மாரியம்மன் கொட்டகைக்கு முன்னாலிருந்த வெட்டவெளியில் ஜனங்கள் கூடியிருந்தார்கள். மலைப்பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அவர் அதைப் பார்த்தார், தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். ஒவ்வொருவராகப் பேர் கூப்பிட்டுக் கேட்டால் மத்தியானம் ஆகிவிடும் என்று கணக்குப் போட்டார் போலிருக்கிறது.

"வீட்டுக்கு ஒருத்தர் மட்டும் எழுந்து நில்லுங்கோ," என்றார். "ரப்பர் வேணுமெண்டா கங்காணியார் பக்கம். காய்கறியே போதுமெண்டா கொட்டகைப் பக்கம். கெதியா, மழை வருது."

சன்னாசி தலைப்பாகையை இறுக்கிக்கொண்டு வெளியின் நடுவில் போய் நின்றார். வழக்கம்போல ஒரு கனைப்புக் கனைத்தார். ஜனங்கள் எழுந்தார்கள். சலசலப்பே இல்லை. மூன்று மூன்று பேராக, தோளுக்குத் தோள், வரிசை மளமளவென்று கட்டிக்கொண்டது.

கிராணி பென்சிலை நீட்டி நீட்டி எண்ணினார். "கொட்டகைப் பக்கம் ஆறு. இந்தப் பக்கம் இருபத்தாறு. சரி, முடிஞ்சுது."

கருப்பம்மாளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஆறா? பதினெட்டு வீடு எங்கே போனது? அடப்பாவிகளா, பத்து நாளாகத் தலையைத் தலையை ஆட்டினீர்களே! அவளுக்கு நேர் முன்னால் அர்ச்சுனன் நின்றான். பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தவன்! அவன் பிடரியைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதுகில் ஒரு குத்து விட்டாள்.

"சத்தியம் பண்ணிட்டு இங்க வந்து நிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?"

அர்ச்சுனன் திரும்பினான். அவளை மேலும் கீழும் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை, திகைப்புதான் இருந்தது.

"ஏம்மா, நீ எங்க நிக்கிற?"

கருப்பம்மாள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். சன்னாசிக் கங்காணியின் வரிசையில், கடைசிக்கு முந்தின இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். அது அவளுடைய பழைய இடம். ஒன்பது வருஷம் தோட்டத்தில், விடியுமுன் தப்புப் பறை அடித்ததும், ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்கு ஓடி அவள் நின்ற இடம். அவரவர் கங்காணிக்குப் பின்னால் அவரவர் ஆட்கள் நிற்க வேண்டும். பேர் கூப்பிடும்வரை வாய் பேசக் கூடாது. வேறு வரிசையில் நின்றால் அரைநாள் பேர் விழாது, கூலியும் கிடையாது. இன்றைக்கும் முன்னால் கங்காணி கனைத்தார், பின்னால் எல்லாரும் வந்து நின்றார்கள். அவள் மூளை கத்தரியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோது கால் பாட்டுக்கு நடந்து வந்துவிட்டது. யாரும் அவளைப் பிடித்து இழுக்கவில்லை, மிரட்டவில்லை. மகள் வாயில் அவளே மண்ணைப் போட இருந்தாள்!

கிராணி நோட்டைத் திறந்தார். இப்போது விட்டால் மையில் எழுதிவிடுவார். அவள் வரிசையை விட்டு வெளியே வந்தாள். அந்த நாலடி தூரத்தைக் கடக்க, ஆற்றைக் கடந்ததுபோல் மூச்சு வாங்கியது.

"ஐயா, எழுதாதீங்க. நான் தப்பா நின்னுட்டேன்."

"எண்ணியாச்சு தாயி," என்றார் சன்னாசி, குரலை உயர்த்தாமல்.

"ஒரு ஆள்தானே? இருபத்தஞ்செண்டு மாத்துறன்," என்றார் கிராணி.

"நான் மட்டும் இல்லீங்க. வரிசையைப் பாருங்க. இது பெரட்டு. பெரட்டுல நிக்க வச்சா நாங்க கங்காணிக்குப் பின்னாலதான் நிப்போம், எங்களுக்கு வேற நிக்கத் தெரியாது. உக்கார வச்சுக் கேளுங்க. ஒவ்வொருத்தரா வாயைத் திறந்து சொல்லச் சொல்லுங்க. அதுக்கப்புறம் ரப்பர்னு வந்தா நான் இப்பவே மூட்டையைக் கட்டுறேன்."

கொட்டகையோரம் இருந்த பெண்கள் பக்கத்திலிருந்து நல்லம்மாள் எழுந்து, "எம் புருசனும் மாடு மாதிரி போயி நிக்கிறாருலா! அவரையும் மறுபடி கேளுங்க!" என்று கத்தினாள். கூட்டத்தில் சிரிப்பு வெடித்தது. கிராணிக்கு முகம் சிவந்தது. எல்லாரையும் கேட்டு எழுது என்ற உத்தரவை எண்ணி எழுது என்று சுருக்கியது தாம்தான் என்று அவருக்குத் தெரியாதா? குடையை விரித்துக்கொண்டு, "சரி, எல்லாரும் இருங்கோ. பட்டியலைப் பாத்துக் கூப்பிடுறன்," என்றார்.

மழை தூறத் தொடங்கியது. ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்து ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒவ்வொரு பேருக்கும் கருப்பம்மாளுக்கு உயிர் போய் வந்தது. அர்ச்சுனன் "காய்கறி" என்றான். இராமசாமி பேர் கூப்பிட்டதும் பழக்கத்தில் எழுந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்கள். உட்கார்ந்ததும் அவர் "ரப்பர்" என்றார். அவளிடம் சரி என்று சொன்ன சீனியும் "ரப்பர்" என்றான், அவள் கண்ணைப் பார்த்தே சொன்னான். வலித்தது. ஆனால் அவன் வாயாலேயே சொன்னான், அதற்குமேல் அவள் என்ன கேட்க முடியும்?

காய்கறி பதினேழு, ரப்பர் பதினைந்து. அஞ்சு வருஷத்துக்கு நிபந்தனை மாறாது, அதன் பிறகு மறுபடி வந்து கேட்போம் என்று சொல்லிவிட்டுக் கிராணி சட்டை நனைய நனையச் சைக்கிளை மிதித்தார். நல்லம்மாள் ஓடி வந்து கருப்பம்மாளைக் கட்டிக்கொண்டாள். இவளோ முந்தானையை முறுக்கிக்கொண்டே நின்றாள்.

கூட்டம் கலைந்ததும் சன்னாசி அவளிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று அவள் பயந்தாள். அவர் முகத்தில் மழையோடு ஒரு தளர்ச்சி இருந்தது. அவமானப்பட்ட மனுஷன், பாவம்.

"கருப்பம்மா, நாலு பேருக்கு முன்னால என்னைய இப்படி நிக்க வச்சிட்டியே. எம் பின்னால வந்து நில்லுன்னு நான் உன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னனா?"

"சொல்லலண்ணே," என்றாள் கருப்பம்மாள். "நீங்க ஒண்ணுமே சொல்லல. அதான் எனக்குப் பயமா இருக்கு."