ஜெயரட்ணத்தின் பதினொரு சிவப்புப் புள்ளிகள்

மாத்தளை மக்கள் நடப்பதையே மறந்துவிட்டார்கள் என்ற பயங்கர உண்மையை 1997இல் முதன்முதலாகக் கண்டுபிடித்தவர், அரசாங்கப் படவரைஞர் ஜெயரட்ணம். கண்டுபிடித்த இடம், பஸ்ஸில் ஜன்னலோர ஆசனம். தமக்குச் சீனி வியாதி என்று டாக்டர் சொன்ன அன்றே, தாம் குடியிருந்த அலுவிகாரையிலிருந்து டவுன் வரை நடைபாதைகளும் சைக்கிள் பாதைகளும் வகுக்கத் தீர்மானித்தார். தாம் நடப்பதென்று தீர்மானிக்கவில்லை.

சைக்கிள் கடை புஹாரி தன் மோட்டார் சைக்கிளில் அவரை ஏற்றி சந்து பொந்து விடாமல் ஒழுங்கை ஒழுங்கையாகச் சுற்றினார்.

"நீங்க பாதையக் கீறுங்க சேர், சைக்கிள நான் விக்கிறேன். ஆனா இந்த வளவு நாயையும் படத்தில போடுங்க. பள்ளிவாசலுக்குத் தொழப் போற சாரன், நாய் வாய வச்சிட்டா ஏழு தரம் கழுவணும்."

போட்டார். கடிக்கும் நாய்களுக்குச் சிவப்புப் புள்ளி, மொத்தம் பதினொன்று. இளைப்பாறும் இடங்களுக்குப் பச்சை. எது என்னவென்ற விளக்கத்தை மட்டும் எழுதவில்லை. மேலதிகாரி ஒப்பமிட்ட பின்னரே அதை எழுதுவது முறை. இருபத்தெட்டு வருடச் சேவையில் அவர் முறை தவறியதில்லை.

"நாடு கிடக்கிற கிடையில, றோட்டுப் படம் கீறிக்கொண்டு திரியிறியளே!" என்றார் மனைவி மங்கையற்கரசி.

"இது சுகாதாரப் படமப்பா."

சுகாதாரப் படம் மறுநாளே டவுன் சோதனைச் சாவடியில் பிடிபட்டது. சார்ஜன்ட் விரித்துப் பார்த்தார். பக்கத்து இராணுவ முகாமின் பின்மதிலை ஒட்டி ஒரு சிவப்புப் புள்ளி. சாவடியின் மேலேயே ஒரு பச்சைப் புள்ளி.

"முகாமுக்குப் பின்னால் என்ன?" என்றார் சிங்களத்தில்.

"நாய், சேர்."

"யாரை நாய் என்கிறாய்?"

ஜெயரட்ணம் அவசரமாக விளக்கினார். "பச்சை, இளைப்பாறும் இடம் சேர். இங்கே எல்லாரும் சைக்கிளை விட்டு இறங்கித்தானே ஆகவேண்டும்!"

"அங்கே நாய் இல்லாவிட்டால், நீ இன்று வீட்டுக்குப் போகமாட்டாய்" என்று சொல்லி, சார்ஜன்ட் தாமே பார்த்துவரக் கிளம்பினார்.

ஜெயரட்ணம் வைரவரை வேண்டினார். நாய் அவருடைய வாகனமல்லவா? ஐந்து நிமிடம் சத்தமே இல்லை. பிறகு குரைப்பு. பிறகு சார்ஜன்டின் அலறல். வைரவர் கைவிடவில்லை.

கிழிந்த காற்சட்டையுடன் திரும்பிய சார்ஜன்ட், "படம் சரி" என்று ஒப்புக்கொண்டு அதை மடித்துத் தம் பையில் வைத்தார். "ரோந்துக்கு வேண்டும். நீ ஞாயிறுதோறும் வந்து கையெழுத்துப் போடு. புதிய நாய்கள் இருந்தால் சொல்லு. பஸ்ஸில் வராதே, நடந்து வா. பாதை கீறியவன் நீதானே?"

எட்டு மாதம் நடந்தார். சீனி இறங்கியது. அவர் வகுத்த பாதையை முழுதாகப் பயன்படுத்திய ஒரே மாத்தளைக் குடிமகன் அவர்தான்.

சார்ஜன்டுக்கு இடமாற்றம் வந்தது, கையெழுத்தும் நின்றது. அடுத்த ஞாயிறே ஜெயரட்ணம் பஸ் ஏறி, ஜன்னலோரமாக அமர்ந்து, இந்த ஊர்ச் சனங்கள் நடக்கிறார்களே இல்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் குறைப்பட்டுக்கொண்டார்.