திங்கமஜிக் கிடைக்கும் ஜன்னல்

பெங்களூர் பொம்மசந்திராவில் பம்பு செய்யும் அந்தத் தொழிற்சாலையில், ஸ்டோர்ஸ் ஜன்னலுக்குப் பின்னால் பன்னிரண்டு வருடமாகச் சாந்தகுமாரி வைத்ததுதான் சட்டம். சாமான் எதற்கும் அவளிடம் சொந்தப் பெயர் கிடையாது. வட்டமாக இருந்தால் திங்கமஜிக், நீளமாக இருந்தால் வாட்சிட், உள்ளே ஸ்பிரிங் இருந்தால் டூஃபர். கோலார் தங்க வயல் சுரங்கத்தில் வேலை பார்த்த அவள் அப்பா, வெள்ளைக்கார துரைமார்கள் சாமான் பெயர் மறந்தபோதெல்லாம் உளறிய வார்த்தைகளைப் பொறுக்கி வந்து வீட்டுப் பருப்பு மத்துக்குச் சூட்டியவர். மகள் அவற்றை ஒழுங்குபடுத்தினாள், அவ்வளவுதான். ஷிப்டு முழுக்க அதே பாஷை பேசியது.

1999இல் விஜய்குமார் மேனேஜராக வந்தார். கூடவே கம்ப்யூட்டரும் வந்தது.

"மேடம், திங்கள்கிழமையிலேர்ந்து சீட்டுல கோட் நம்பர் மட்டும்தான். முடியலன்னா சொல்லுங்க, பேக்கிங்ல போட்டுடறேன்."

பேக்கிங்! நாள் முழுக்க அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்ட வேண்டும். முழங்கை ஊன்றி வம்பளக்க ஒருத்தரும் வரமாட்டார்கள். சாந்தகுமாரி கம்பெனி பஸ்ஸில் போக வர ஸ்டோர்ஸ் சாமான்களின் நானூறு நம்பரையும் ஜெபம்போல முணுமுணுத்தாள். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மூன்றாம் பிரஸ் மெஷின் எண்ணெயைப் பீய்ச்சியடித்தது. சட்டையெல்லாம் எண்ணெயாக ஜன்னலுக்கு ஓடி வந்தவர் சாட்சாத் விஜய்குமாரேதான்.

"மேடம், பேக பேக, சீக்கிரம்! அந்த... அது குடுங்க. ஆயில் ஒழுகாம நிறுத்துமே... அய்யோ, வாய்ல இருக்கு, வரமாட்டேங்குது!"

"கோட் நம்பர், சார்?" குறும்பில் அல்ல, பயத்தில்தான் கேட்டாள்.

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு!"

அந்த ஒரு வார்த்தையில் அவள் பயம் பறந்தது.

"வட்டமா, நீளமா, ஸ்பிரிங் வெச்சதா?"

"வட்டம்!"

"அப்போ திங்கமஜிக்கு. மூணாம் பிரஸ்ஸுன்னா பெருசு."

சொல்லி முடிப்பதற்குள் அது அவர் உள்ளங்கையில் இருந்தது.

பத்தே நிமிடத்தில் பிரஸ் ஓடியது. விஜய்குமார் திரும்பி வந்து சீட்டு எழுதி நீட்டினார். அதில் நம்பர் இல்லை. 'திங்கமஜிக், பெரியது, ஒன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். பின்னால் நின்ற ஃபிட்டர் தாஸ் விழுந்து விழுந்து சிரித்தான்.

"பேக்கிங்ல எப்ப சேரணும், சார்?" என்று கேட்டாள் சாந்தகுமாரி.

"நீங்க போய்ட்டா நான் யார்கிட்ட வந்து உளறுவேன், மேடம்?"

சாந்தகுமாரிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. மறுவாரம் கம்ப்யூட்டரில் நம்பருக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் கூடியது. அவள் நாற்காலியில் சாய்ந்து ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல, விஜய்குமார் தட்டிக்கொண்டே வந்தார்.