முதுகில் பட்டால் அவுட்

என் மகளுக்குப் பேஸ்போலும் தெரியாது, சொப்ட்போலும் தெரியாது. எனக்கும் தெரியாது. கிளிநொச்சிக்கு வந்து இரண்டு தவணை முடிந்தும் அவளுக்கு ஒரு சிநேகிதிகூடக் கிடைக்கவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதற்காகத்தான் அவளை இழுத்துக்கொண்டு போய் அந்த லீக்கில் சேர்த்தேன்.

என் வீட்டுக்காரர் லொறி ஓட்டுகிற அரிசி ஆலை கிளிநொச்சியில் இருப்பதால் மல்லாவியை விட்டு இங்கே வந்தோம். மல்லாவியில் என் மகளின் வாய்க்குப் பூட்டே கிடையாது. பள்ளிக்கூடத்தால் வந்தால், யாருக்கும் யாருக்கும் கோபம், யார் யாருக்குப் புளியங்காய் கொடுத்தாள் என்று குசினிக்குள் என் பின்னால் திரிந்து திரிந்து சொல்வாள். "போடி அங்கால, தலை இடிக்குது" என்று நானே கலைத்துவிடுவேன். இங்கே வந்த பிறகு பையை வைப்பாள், சாப்பிடுவாள், போய்ப் படுப்பாள். ஒருநாள் மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

"இண்டைக்கு இடைவேளைக்கு ஆரோடை இருந்து சாப்பிட்டனீ?"

"என்னோடைதான்."

அதைக் கேட்டு எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். அந்த வகுப்பில் இருக்கிறதுகளுக்கெல்லாம் கண் பொட்டையா? என் பிள்ளைக்கு என்ன குறை? பள்ளிக்கூடத்துக்குப் போய் நாலு கேள்வி கேட்டுவிட்டு வருகிறேன் என்று சேலையை எடுத்துவிட்டேன். இவர்தான் வழியை மறித்தார்.

"இஞ்சாரும், நுணலும் தன் வாயால கெடும் எண்டு சும்மாவே சொன்னவை? நீர் போய்க் கத்தினா வாற ஒண்டு ரெண்டும் ஓடிவிடும்."

"வந்தாத்தானே ஓடுறதுக்கு" என்றேன். ஆனாலும் சேலையை மடித்து வைத்துவிட்டேன்.

அந்தக் கிழமைதான் சனசமூக நிலையத்து மதிலில் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். பொடியன்களுக்குப் பேஸ்போல், பெட்டைகளுக்குச் சொப்ட்போல், ஊர்களுக்கிடையில் போட்டி. சனிக்கிழமைகளில் பயிற்சி. எங்கள் பக்கத்தில் சொப்ட்போல் என்றால் ரெனிஸ் பந்தால் விளையாடுகிற கிரிக்கெட் என்றுதான் சனத்துக்கு எண்ணம். ஒரு தகப்பன் விக்கெட் தடிகளையும் தோளில் காவிக்கொண்டு வந்து நின்றார். அவருக்கு விளங்கப்படுத்தித் திருப்பி அனுப்பப் பட்ட பாடு பெரும் பாடு.

பழக்கவென்று வவுனியாவிலிருந்து ஓர் இளந்தாரி பஸ்ஸில் வந்து போவார். பிள்ளைகள் அவரைச் 'சேர்' என்பார்கள். கனடாவில் இருக்கிற ஊர்க்காரர் ஒருவர் பழைய கையுறைகளைப் பெட்டியில் போட்டு அனுப்பியிருந்தார். எங்கள் பெட்டைகள் அதை எறிகிற கையில் மாட்டிக்கொண்டு, பந்தைப் பிடித்தவுடன் கழற்றிக் கீழே போட்டுவிட்டு எறிந்தார்கள். அதைக்கூடச் சேர் ஒரு வழியாகத் திருத்திவிட்டார். அவரால் திருத்த முடியாமல் போனது எல்லே விளையாடிய பழக்கத்தைத்தான்.

எல்லே தெரியாத பிள்ளை எங்கள் பக்கத்தில் இல்லை. பொல்லால் பந்தை அடித்துவிட்டு ஓட வேண்டும். தரிப்பிடத்தைப் போய்ப் பிடிப்பதற்குள் எதிரணி பந்தை எடுத்து ஓடுகிறவளின் மேல் எறியும். பட்டால் ஆள் அவுட். நானும் பாடசாலை அணியில் விளையாடியவள்தான். என் எறிக்குப் பயந்து தரிப்பிடத்தை விட்டு அசையாமல் நின்றவர்கள் இன்னும் மல்லாவியில் இருக்கிறார்கள், போய்க் கேட்டுப் பாருங்கள்.

சொப்ட்போலும் பார்வைக்கு அதே மாதிரித்தான். ஆனால் ஓடுகிறவளுக்கு எறியக் கூடாது. அவள் ஓடிப்போய்ச் சேர வேண்டிய தரிப்பிடத்தில், அதற்குப் பேஸ் என்று பெயர், எங்களுடைய ஆள் ஒருத்தி கையுறையோடு நிற்பாள். அவளுக்கு எறிய வேண்டும். அவள் முந்திப் பந்தைப் பிடித்துவிட்டால் ஓடி வருகிறவள் அவுட். இதைச் சேர் தடியால் மண்ணில் கீறிக் கீறிக் காட்டினார். "ஓம் சேர், விளங்குது சேர்" என்று எல்லாரும் தலையாட்டினார்கள். விளங்கிய இலட்சணம் அடுத்த நிமிடமே தெரிந்தது. முதலாவதாக ஓடியவளின் முதுகில் 'டொம்' என்று விழுந்தது ஒன்று. எறிந்தவள் என் மகள். எறி வாங்கியவளோ, "ஐயோ, அவுட்" என்று சொல்லிக்கொண்டு தானாகவே வெளியே நடந்தாள். சேர் தலையில் கை வைத்துக்கொண்டு குந்திவிட்டார்.

"இனி ஓடுறவளுக்கு எறிஞ்சா கிரவுண்டைச் சுத்தி ஒரு ஓட்டம்" என்று சட்டம் போட்டார். எல்லாரையும் விட அதிகம் ஓடியது என் மகள்தான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

முதல் நாளே நானும் வாயைத் திறந்துவிட்டேன். முதலாம் பேஸில் நின்ற பெட்டை மற்றவர்களுக்கெல்லாம் பந்தை எறிந்தாள், என் மகளின் பக்கம் திரும்பவே இல்லை. பார்த்தேன், பார்த்தேன், எவ்வளவு நேரம்தான் பார்ப்பது?

"ஏய் பிள்ளை, என்ர மகளென்ன வேலிக் கதியாலோ? அவளுக்கும் எறியன்!"

மைதானம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பெட்டைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என் மகள் காதுவரை சிவந்துபோனாள். வீட்டுக்கு வந்ததும், பல மாதத்துக்குப் பிறகு என்னோடு நீளமாக ஒரு கதை கதைத்தாள்.

"அம்மா, இனி நீங்கள் வாறதெண்டா வாயே திறக்கக் கூடாது. திறந்தா அண்டையோடை நான் விளையாட வாறதை நிப்பாட்டிடுவன். உங்களாலை ஒருத்தியும் என்னோடை கதைக்க மாட்டாளவை."

சத்தியம் செய்தால்தான் சாப்பிடுவேன் என்று அடம்பிடித்தாள். செய்து கொடுத்தேன்.

சத்தியம் செய்வது லேசு. அடுத்த சனி மைதானத்து வாங்கில் நான் இருந்த இருப்பைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் கச்சான் கடலைச் சரையை நீட்டினார். அவர் அந்த முதலாம் பேஸ் பெட்டையின் தாய். மலையகத்திலிருந்து வந்து இங்கே தோட்டம் செய்கிற குடும்பம். நான் அவருடைய மகளைப் பார்த்துத்தான் கத்தினேன் என்று தெரிந்தும் முகத்தை முறிக்காத மனுசி.

"வாய் சும்மா இருந்தாத்தானே அக்கா கத்தத் தோணும். மெல்லுங்க."

மென்றேன். அந்தச் சீசன் முழுக்க நான் மென்ற கச்சானை விதைத்திருந்தால் எங்களுக்கு ஒரு தோட்டம் தேறியிருக்கும். என் மகள் நன்றாகத்தான் விளையாடினாள். "பிடி", "எறி", "ஓடு" என்று எல்லாரும் அவளைக் கூப்பிட்டார்கள். ஆனால் பயிற்சி முடிந்ததும் மற்றவர்கள் சைக்கிள்களை உருட்டிக்கொண்டு கூட்டமாய்க் கதைத்துச் சிரித்துப் போவார்கள், என் மகள் வந்து பேசாமல் என் ஸ்கூட்டியில் ஏறுவாள். பந்து அவளிடம் வந்தது, கதைதான் வரவில்லை. எனக்குக் கத்த வேண்டும்போல இருக்கும். வாயில் கச்சான்.

பிறகு பளையில் நடந்த போட்டி. வான் ஒன்றை வாடகைக்குப் பிடித்துப் பிள்ளைகளும் தாய்மாருமாகப் போனோம். கடைசிச் சுற்று. எங்கள் அணி ஒரே ஒரு ஓட்டத்தால் முன்னுக்கு நிற்கிறது. பளைப் பெட்டைகளில் ஒருத்தி இரண்டாம் பேஸிலும் இன்னொருத்தி மூன்றாம் பேஸிலும் நிற்கிறார்கள். இன்னும் ஒருத்தி அவுட் ஆனால் வெற்றி எங்களுக்கு. அடித்த பந்து உருண்டு நேரே என் மகளின் கைக்கு வந்தது. முதலாம் பேஸுக்கு எறிந்தால் அலுவல் முடிந்தது. அங்கே அந்தப் பெட்டை கையுறையை நீட்டிக்கொண்டு "இங்க! இங்க!" என்று குதிக்கிறாள்.

அந்த நேரம் பார்த்து இரண்டாம் பேஸில் நின்றவள் என் மகளின் மூக்குக்கு முன்னால் குறுக்கே ஓடினாள். நல்ல அகலமான முதுகு. என் மகளின் கை தானாக எழும்பியது.

என்ன எறி! இன்றைக்கும் சொல்வேன், அப்படி ஓர் எறியை நான்கூட எறிந்ததில்லை. பந்து அந்த முதுகில் பட்டுத் தெறித்து வேலியோரப் பற்றைக்குள் போய் விழுந்தது. எங்கள் பிள்ளைகள் பற்றைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்க, பளைப் பெட்டைகள் இருவரும் ஓடி முடித்துவிட்டார்கள். நாங்கள் தோற்றுவிட்டோம்.

சத்தியமாவது கச்சானாவது. நான் மைதானத்துக்கு நடுவில் நிற்கிறேன். எப்படிப் போனேன் என்று எனக்குத் தெரியாது, ஒரு செருப்பு வாங்குக்குக் கீழேயே கிடந்ததாம்.

"அவுட்! முதுகில பட்டது! நான் என்ர கண்ணால கண்டனான்! என்ன ஐயா, உங்களுக்குக் கண் தெரியாதோ?"

மத்தியஸ்தர் வயதான மனிதர், பொறுமைசாலி. "அம்மா, உடம்பில பட்டா இதில அவுட் இல்லை" என்றார்.

"பட்டா அவுட் இல்லையோ? பின்னை என்ன, செத்தாத்தான் அவுட்டோ?"

அத்தோடு விட்டேனா? எறி வாங்கிய பிள்ளையைக் கையில் பிடித்துக் கூட்டி வந்து அவர் முன்னால் நிறுத்தினேன். "சொல்லு பிள்ளை, உண்மையைச் சொல்லு. பட்டதோ இல்லையோ?" அதுவும் எல்லே விளையாடி வளர்ந்த பிள்ளைதானே, முதுகைத் தடவிக்கொண்டு, "பட்டது அன்ரி, நல்லாப் பட்டது" என்றது.

"கேட்டீங்களே!" என்றேன்.

பளைச் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. எங்கள் ஆட்களும்தான். அந்தச் சிரிப்புக்குள் திரும்பி என் மகளைப் பார்த்தேன். கையுறைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் என் உயிர் போனது. சேர் வந்து, "வாங்கோ அக்கா, வாங்கோ" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

திரும்பி வரும்போது வானுக்குள் அவள் முன் சீற்று மூலையில் போய் ஒடுங்கிக்கொண்டாள். என் பக்கம் திரும்பவில்லை. தோற்றது அவளால், ஊர் சிரித்தது என்னால். இனி யார் அவளோடு கதைக்கப் போகிறார்கள்? திங்கட்கிழமை பள்ளிக்கூடம் முழுக்க இந்தக் கதைதான் ஓடும். இவர் சொன்ன நுணல் நான்தான் என்று என்னையே திட்டிக்கொண்டு இருந்தேன்.

ஆனையிறவு தாண்டியதும் பின் சீற்றிலிருந்து ஒரு மெல்லிய குரல். "அவுட்... முதுகில பட்டது..." அந்த முதலாம் பேஸ் பெட்டைதான். யாரோ அடக்க முடியாமல் களுக்கென்று சிரித்தாள். பிறகு எல்லாரும். "ஏய், வாய மூடு!" என்று என் பக்கத்தில் இருந்த அவளுடைய தாய் திரும்பி அதட்டினார். நான் எழும்பப் போக, அவர் என் முழங்காலை அமத்திப் பிடித்துக்கொண்டார். "பேசாம இருங்க அக்கா, கும்பிட்டுக் கேக்குறேன்."

"அப்பிடியில்லை."

முன் சீற்றிலிருந்து வந்தது. என் மகளின் குரல்.

"முதல் இடுப்பில கை வைக்கோணும். பிறகு கழுத்தை ஒரு பக்கம் சரிக்கோணும்." எழும்பி நின்று இடுப்பில் கையை வைத்தாள். "என்ன ஐயா, உங்களுக்குக் கண் தெரியாதோ?"

அச்சு அசல் என் குரல். வானே அதிர்ந்தது. ஓட்டிக்கொண்டிருந்தவரும் சிரித்துச் சிரித்து வேகத்தைக் குறைத்துவிட்டார்.

"உங்க அம்மா வீட்லயும் இப்படித்தானா?" என்று கேட்டாள் முதலாம் பேஸ் பெட்டை.

"வீட்டிலையோ? இது என்ன! பால்காரரோடை சண்டை பிடிச்சதைக் காட்டட்டே?"

சொல்லிக்கொண்டே சீற்றுகளைப் பிடித்துப் பிடித்துப் பின்னுக்குப் போய் அவர்களுக்கு நடுவில் நெருக்கிக்கொண்டு இருந்தாள். பரந்தன் வரும்வரை என்னை வைத்து ஒரே கூத்து. எனக்குக் கோபம் வரவில்லையா? வந்தது. பால்காரர் தண்ணீர் கலந்தது உண்மை. அதைச் சொல்லாமல் என் சத்தத்தை மட்டும் காட்டினால் அது என்ன நியாயம்? ஆனாலும் அந்த வாய் திரும்பி வந்துவிட்டதே என்று எனக்கு அழுகையும் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த மனுசி என் முழங்காலில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

அடுத்த சனி பயிற்சிக்கு நான் போகவில்லை. வாசலில் சைக்கிள் மணிகள் கேட்டன, அவர்களோடு போய்விட்டாள். எங்கள் பெட்டைகளின் எல்லே விசரை அடக்க முடியாது என்று சேர் தெளிந்துவிட்டாராம். கடைசி அரை மணித்தியாலம் எல்லே விளையாடிக் கைத்தினவைத் தீர்த்துவிட்டுப் போகச் சொன்னாராம். இதெல்லாம் அவள் வந்து, குசினிக் கதவடியில் முனகிக்கொண்டு குந்தியிருந்து சொன்னது.

"ஏனடி முனகிறாய்?"

சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினாள். பந்து அளவுக்குக் கன்றிச் சிவந்துபோய்க் கிடந்தது.

"ஐயோ என்ர பிள்ளை! ஆரடி எறிஞ்சது? ஆரெண்டு சொல்லு, இப்பவே வாறன்!"

"முதலாம் பேஸில நிக்கிறவள். என்ர பிரெண்ட்."

கிளிநொச்சிக்கு வந்த பிறகு அந்தச் சொல்லை அவள் வாயால் அன்றுதான் கேட்டேன். தைலப் போத்தலை எடுத்து வந்து அவளுக்குப் பின்னால் இருந்து தேய்க்கத் தொடங்கினேன்.

"பிரெண்ட் எண்டா இப்பிடியே எறியிறது? அடுத்த சனி நீயும் அவளின்ர முதுகைப் பாத்து ஒண்டு குடு."

"அவளுக்கு ரெண்டு குடுத்திட்டுத்தான் அம்மா வந்தனான்."