அட்டைப் பையும் அக்காவின் பெயரும்

காலை ஐந்து நாற்பது. கடையின் ஷட்டர் பாதி உயர்ந்திருந்தது. அதன் அடியில் அக்காவின் வலது கை தெரிந்தது. அன்று நான் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். மாரடைப்பு. மருத்துவமனை சேருமுன் உயிர் பிரிந்தது. இது அவருடைய முதலாண்டு நினைவு மலர்.

அக்கா மடுகரையில் பிறந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. வில்லியனூர் அருகே வாழ்க்கைப்பட்டு, இளம் வயதிலேயே கணவரை இழந்தார். மாதா கோயில் தெருவில் பேன்சி ஸ்டோர் வைத்து இரு மகள்களைப் படிக்க வைத்தார். அளவு சேராத வளையலை யாருக்கும் விற்றதில்லை.

அந்தத் தெருப் பெண்களின் வாக்காளர் அட்டைகள் கணவர்மாரிடம் இருக்கும். எந்தச் சின்னம் என்று சொல்லிவிட்டு, வாக்குச்சாவடி வாசலில்தான் தருவார்கள். கடைக்கு வந்த புஷ்பா இதைச் சாதாரணமாகச் சொன்னார்.

"வளையலுக்கு உங் கையில அளவு பாக்கறியா, உம் புருசன் கையிலயாடி?" என்று கேட்டார் அக்கா.

பிறகு, அட்டையை வைத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் சிறு துணிப்பைகளைத் தைத்தார். 'என் ஓட்டு என் கையில்' என்று நூலால் எழுதி, வளையல்களுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். முதலில் வாங்கியவர் புஷ்பாவின் மாமியார்.

"எங் கார்ட நானே பாத்து எத்தினி வருசம் ஆவுது! எனக்குக் குடும்மா மொதல்ல."

மூன்றாம் நாள் சிக்கல் வந்தது. பைத் துணியில் ஓடிய கரை, ஒரு கட்சிக் கொடியின் நிறம். தெருக்காரர் ஒருவர் கடை வாசலில் நின்று கேட்டார்: "இன்னாம்மா, கட்சிக்காரன் எவ்ளோ குடுத்தான்?"

"துணி மலிவா வந்துச்சு, தெச்சேன்பா."

"நீயும் மலிவாத்தான் வெல போயிருக்க."

ஆண்கள் தம் வீட்டுப் பெண்களைக் கடைக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள். நம் உறவினரிலும் சிலர் அந்தப் பேச்சை நம்பினார்கள். இந்த மலர் அவர்களுக்கும் வரும்.

அக்கா எந்தக் கட்சியிடமும் எதுவும் வாங்கவில்லை. புதுச்சேரியில் அந்தத் துண்டுத் துணிக் கட்டை வாங்கிவந்தவன் நான். கரையைக் கவனிக்கவில்லை. தெருவில் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"வாணாம்டா. நீ பேப்பர்ல வேல செய்யறவன். உம் பேரையும் கட்சியில சேத்துடுவானுங்க."

நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அக்கா வெள்ளைத் துணியில் மறுபடியும் தைத்தார். வாங்க ஒருவரும் வரவில்லை.

மருத்துவமனைக்கு விரைந்த பக்கத்து ஊர் ஆட்டோக்காரருக்கும், துக்கத்தின் மூன்று நாளும் உணவு தந்த பங்குத் தந்தைக்கும், மடுகரையிலிருந்து வந்து மகள்களுக்குத் துணையிருந்த சித்திக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. சவப்பெட்டியைத் தெரு ஆண்கள் தூக்குவது வழக்கம். அன்று அவர்கள் வரவில்லை. மூத்த மகளும் நானும் பின்னால் பிடித்தோம். முன்னால் தூக்கியவர்கள் புஷ்பாவும் அவருடைய மாமியாரும்.